அசிர்த்திகோ: சாந்தோரினியில் ஒரு குடும்பம் ஒயின் எடுப்பது எப்படி? கூடைக் கவாத்து முதல் புட்டி வரை

கொடியைப் பந்தலில் ஏற்றிப் பழகிய கண்ணுக்குச் சாந்தோரினித் தோட்டம் தோட்டமாகவே தெரியாது. வெளிறிய சாம்பல் மண்ணில், இரண்டு எட்டுக்கு ஒன்றாக, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கூடைகள் மாதிரி கிடக்கும். குனிந்து பார்த்தால்தான் அது கொடி என்று புரியும். குலைகள் கூடைக்குள்ளே, காற்றுக்கும் வெயிலுக்கும் ஒளிந்து தொங்கும். கிரேக்கத்தின் சைக்லடீஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள இந்த எரிமலைத் தீவின் சொந்தத் திராட்சைதான் அசிர்த்திகோ. வெள்ளைத் திராட்சை. நன்றாகப் பழுத்துச் சர்க்கரை ஏறிய பிறகும் புளிப்பை விடாது. வெயில் நாட்டுத் திராட்சையில் இது அரிய குணம்.

இந்த வழிகாட்டி பத்து டன் பழத்துக்குள் வேலை செய்யும் குடும்பத்துக்கானது. புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் பணத்தைப் புதிய ஓக் பீப்பாயில் கொட்டுகிறார்கள். அசிர்த்திகோவைப் பொறுத்தவரை அது வீண். காசு போக வேண்டிய இடங்கள் மூன்று: குளிர்காலத்தில் கவாத்து செய்யும் கை, மென்மையாகப் பிழியும் பொறி, குளிரூட்டி.

முதலில் கணக்கு

வரிசைக்கு 2 மீட்டர், கொடிக்கு 2.5 மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு ஹெக்டேரில் 2,000 கொடி நிற்கும். நல்ல ஆண்டில் ஒரு கொடிக்கு ஒன்றேகால் கிலோ என்று வையுங்கள், ஹெக்டேருக்கு 2.5 டன். ஐரோப்பாவின் சமவெளித் தோட்டங்களில் இதைப்போல் மூன்று, நான்கு மடங்கு எடுப்பார்கள். வறட்சி ஆண்டில் இதிலும் பாதிதான் கிடைக்கும். 2023, 2024 ஆண்டுகளில் தீவின் விளைச்சல் அப்படித்தான் சரிந்தது. ஆகவே திட்டத்தை நல்ல ஆண்டை வைத்துப் போடக் கூடாது.

பத்து டன்னுக்கு 4 ஹெக்டேர், 8,000 கொடி. டன்னுக்கு 620 லிட்டர் சாறு என்றால் 6,200 லிட்டர். அடியில் படியும் மண்டியிலும் வடிகட்டலிலும் 300 லிட்டர் போகும். மிச்சம் 5,900 லிட்டர், அதாவது ஏறத்தாழ 7,800 புட்டி.

இனி ஆள் கணக்கு. ஒரு கூடையைக் கவாத்து செய்து பின்ன 10 நிமிடம் என்று வைத்தாலும் 8,000 கொடிக்கு 1,333 மணி நேரம் ஆகும். இரண்டு பேர் தினம் 8 மணி நேரம் வேலை செய்தால் 83 நாள். கவாத்துக்குக் கிடைப்பதோ ஜனவரியும் பிப்ரவரியும். அதிலும் மழை நாள், பெருங்காற்று நாள் கழியும். மூன்று பேர் இல்லாமல் 4 ஹெக்டேரைத் தொடக் கூடாது. குடும்பத்தின் அளவுதான் தோட்டத்தின் அளவு. கூடை பின்னுவதற்கு இயந்திரம் கிடையாது.

மண்ணும் நடவும்

உள்ளூர்க்காரர்கள் இந்த மண்ணை ‘ஆஸ்பா’ என்பார்கள். எரிமலைச் சாம்பல், நுரைக்கல், எரிகுழம்புத் துண்டுகள், மணல் எல்லாம் கலந்தது. களிமண் இல்லை என்றே சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சையை அழித்த பைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி இந்த மண்ணில் பிழைக்காது. அதனால் இங்கே கொடியை அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டுவதில்லை. சொந்த வேரிலேயே நிற்கும். ஒரு கொடி செத்தால் நாற்றங்கால் தேடி அலையவும் வேண்டாம். பக்கத்துக் கொடியின் நீண்ட தண்டை வெட்டாமல் வளைத்து 30–40 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, நுனியை வெளியே விட்டுப் பதியம் போடலாம். தாய்க்கொடி ஊட்டுவதால் இரண்டே ஆண்டில் வேர் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு தொடர்பை வெட்டிவிடுங்கள். வெளியூரிலிருந்து மண் ஒட்டிய செடியைத் தீவுக்குள் கொண்டுவருவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

இந்த மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. அதுதான் இந்த ஒயினின் அடித்தளம். சாற்றில் பொட்டாசியம் ஏறினால் டார்டாரிக் அமிலம் உப்பாகிப் படிந்துவிடும், பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; கூடினால் புளிப்பு குறைவு) உயர்ந்துவிடும். இங்கே அது நடக்காததால் சாற்றின் பிஎச் 2.9 முதல் 3.1 வரையிலேயே நிற்கிறது. இதை அறியாமல் ‘மண் ஏழையாக இருக்கிறதே’ என்று அடுப்புச் சாம்பலையோ பொட்டாஷ் உரத்தையோ கொட்டினால், அசிர்த்திகோவின் உயிரையே உரமிட்டுக் கொல்வதாகும். நைட்ரஜன் பற்றாக்குறை வேறு விஷயம். அதற்கு மக்கிய ஆட்டெருவும், பொடித்து மக்க வைத்த கவாத்துக் குச்சியும் போதும். கொடிக்கு 2 கிலோ வீதம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்.

ஆழமாக உழாதீர்கள். கோடையில் மழையே இல்லை. ஆண்டு மழை பெரும்பாலும் 400 மில்லிமீட்டருக்குள், அதுவும் குளிர்காலத்தில். இரவில் கடலிலிருந்து ஏறும் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சிவைத்துப் பகலில் விடுகிறது. மேல்மண்ணைப் புரட்டினால் அந்த ஈரமும் போகும், அதை உண்ணும் மேல்வேர்களும் அறும். சரிவில் ‘பெசூலெஸ்’ எனப்படும் கல்லடுக்குப் படிகள் இருந்தால், இடிந்த கல்லை ஒவ்வோர் இலையுதிர்காலமும் எடுத்துக் கட்டிவிடுங்கள். ஒரு பெருமழை போதும், நூறாண்டு மண் கடலுக்குப் போய்விடும்.

குலூரா: கூடை பின்னும் முறை

குலூரா என்றால் வளையம். மெல்தேமி என்ற வடகாற்று ஜூலை, ஆகஸ்டில் நாள்கணக்கில் வீசும். வசந்தத்தில் அடிக்கும் காற்று அதைவிடப் பொல்லாதது. இளங்கொழுந்தை முறிக்கும், பூவைக் கருக்கும், மணலை வாரி இலையில் அறையும். கம்பி கட்டிக் கொடியை உயர்த்தினால் இதற்கெல்லாம் முகம் கொடுக்க வேண்டிவரும். கூடை தரையோடு படுத்துத் தப்பிக்கிறது.

புதுக் கொடிக்கு முதல் இரண்டு ஆண்டும் இரண்டு மொட்டு மட்டும் விட்டு வெட்டுங்கள். மேலே வளரட்டும் என்ற ஆசை வேண்டாம். வேர் இறங்க வேண்டிய காலம் அது. மூன்றாம் ஆண்டு தடித்த தண்டு மூன்றை விட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வளைத்து முதல் வளையம் போடலாம். அதன்பின் ஆண்டுக்கு ஒரு சுற்று ஏறும். ஐந்தாறு ஆண்டில் கூடை உருவாகிவிடும்.

முதிர்ந்த கூடையில் ஆண்டுதோறும் செய்ய வேண்டியது இது:

1. உலர்ந்த கட்டை, கூடையின் உட்பக்கம் நோக்கி வளர்ந்த மெலிந்த தண்டுகள், அடிவேரில் கிளம்பியவை ஆகியவற்றை நீக்குங்கள். உள்ளே ஒரு கை தாராளமாகச் சுழல வேண்டும். நெரிசல் இருந்தால் ஆகஸ்டில் குலை அழுகும்.

2. சென்ற கோடையில் வளர்ந்த தண்டுகளில் பென்சில் பருமனுள்ள நான்கைந்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் 5 முதல் 7 மொட்டு. மொத்தம் 20–30 மொட்டைத் தாண்ட வேண்டாம். கொடி மெலிந்திருந்தால் பாதி போதும். இவை தவிர, தலைப்பகுதிக்கு அருகே இரண்டு மொட்டுக் குச்சி இரண்டை விட்டுவையுங்கள். அடுத்த ஆண்டின் தண்டு அதிலிருந்து வரும்.

3. வளைப்பதற்கு ஈரக்காற்று வீசும் நாளுக்காகக் காத்திருங்கள். வறண்ட வடகாற்று நாளில் தண்டு குச்சிபோல் முறியும். தெற்கிலிருந்து ஈரம் வரும் நாளில் கயிறுபோல் இணங்கும். அடியை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, தண்டை லேசாக முறுக்கியபடி வளைக்க வேண்டும். முறுக்காமல் வளைத்தால் வெளிப்பட்டை பிளக்கும். ‘சட்’டென்று சத்தம் கேட்டாலும் பாதி நார் ஒட்டியிருந்தால் வெட்டிவிடாதீர்கள், பிழைத்துக்கொள்ளும்.

4. எல்லாத் தண்டையும் ஒரே திசையில், பழைய வளையத்துக்கு மேலும் கீழுமாகக் கோத்து, நுனியை அடியில் செருகுங்கள். திசை மாறிப் பின்னினால் காற்றில் ஒன்றை ஒன்று உரசி மொட்டு உதிரும்.

கூடை ஏற ஏறச் சாறு போக வேண்டிய தூரம் கூடுகிறது, பழம் குறைகிறது. அறுபது, எழுபது ஆண்டு கழிந்த கூடையை அடியோடு வெட்டிவிடுவார்கள். மண்ணுக்குள் உறங்கும் மொட்டிலிருந்து புதுத் தண்டு கிளம்பும், அதே வேரில் புதிய கூடை தொடங்கும். அந்தக் கொடியில் இரண்டு மூன்று ஆண்டு பழம் இருக்காது. ஆகவே ஒரே ஆண்டில் தோட்டத்தின் நூற்றில் மூன்று கொடிக்கு மேல் வெட்ட வேண்டாம். மேலே இருக்கும் கட்டையின் வயதும் வேரின் வயதும் வேறுவேறு என்பதால்தான் ‘நூற்றாண்டுக் கொடி’ என்ற பேச்சு இங்கே வெறும் விளம்பரம் அல்ல.

கோடையில் கொஞ்சம் வேலை

வறண்ட காற்று அடிச்சாம்பல் நோயை விரட்டிவிடும். கவலைப்பட வேண்டியது சாம்பல் நோய். கந்தகத் தூள் ஹெக்டேருக்கு 15–20 கிலோ வீதம் மூன்று முறை: கொழுந்து ஒரு சாண் வளர்ந்ததும், பூக்கத் தொடங்கும்போது, பிஞ்சு மிளகளவு ஆனதும். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் தூவினால் இலை பொசுங்கும். அறுவடைக்கு 5 வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். பழத்தோலில் ஒட்டிய கந்தகம் தொட்டிக்குள் போனால் அழுகிய முட்டை நாற்றமாக வெளியே வரும்.

குலையைத் துளைக்கும் அந்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்து எண்ணிக்கை பாருங்கள். இலையைக் கிள்ளுவதைத் தவிருங்கள். கூடையின் மேல் இலைதான் குலைக்குக் குடை. அதைத் திறந்தால் இரண்டே நாளில் பழம் வெந்து பழுப்பாகும்.

எந்த நாளில் பறிப்பது

சாந்தோரினி அறுவடை பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே தொடங்கிவிடும். ஜூலைக் கடைசி வாரத்திலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை 200 திராட்சை மணிகளை எடுத்துச் சோதிக்க வேண்டும். காற்றுப்பக்கம், மறைவுப்பக்கம், கூடையின் அடி, மேல் என்று கலந்து எடுங்கள். கைக்கெட்டும் மேல்மணிகளை மட்டும் எடுத்தால் சர்க்கரை உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கூடைத் தோட்டத்தில் எல்லாரும் முதலில் செய்யும் பிழை இது.

இலக்கு: சர்க்கரை லிட்டருக்கு 225–235 கிராம், மொத்த அமிலம் டார்டாரிக் கணக்கில் 6.5–7.5 கிராம், பிஎச் 2.9–3.1. விதை பழுப்பாகி, கடித்தால் மொறுமொறுக்க வேண்டும். 235 கிராம் சர்க்கரை ஏறத்தாழ 14% ஆல்கஹால் தரும். அவசரப்பட்டு 200 கிராமில் பறித்தால் எலுமிச்சைச் சாறு கிடைக்கும், ஒயின் கிடைக்காது. அசிர்த்திகோவுக்கு உடம்பு கடைசி வாரத்தில்தான் கூடுகிறது. 250 கிராம் தாண்டவிட்டால் வேறு தலைவலி: 15% ஆல்கஹாலை நோக்கி, குறைந்த பிஎச்சில், நைட்ரஜன் குறைந்த சாற்றில் ஈஸ்ட் ஓட வேண்டும். பாதியில் நின்றுவிடும்.

விடியலில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடியுங்கள். 15 கிலோவுக்கு மேல் பிடிக்காத ஆழமற்ற பெட்டிகளைப் பயன்படுத்துங்கள். குலை தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் நுரைக்கல் துகள் ஒட்டியிருக்கும். கழுவ வேண்டாம், உதறினால் போதும். அடியில் மண் பட்ட குலையைத் தனிப் பெட்டியில் போடுங்கள். பழத்தை ஓர் இரவு 8–10 டிகிரியில் குளிர வைக்க முடிந்தால் பிழிவதில் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

பிழிதல்

அசிர்த்திகோவின் தோலில் துவர்ப்புப் பொருள் அதிகம். சாறு காற்றுப் பட்டதும் வேகமாகப் பழுக்காய் நிறத்துக்குப் போகும். அதனால் காம்போடு முழுக் குலையாகவே காற்றுப்பை பிழிபொறியில் போடுவது நல்லது. காம்பு சாற்றுக்கு வடிகால் அமைத்துக் கொடுக்கும். குறைந்த அழுத்தத்திலேயே சாறு இறங்கும். 2,000 லிட்டர் பொறியில் முழுக் குலை ஒன்றேகால் டன் அளவுக்கு இறங்கும்.

பழம் ஏற்றும்போதே 100 கிலோவுக்கு 5 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் (சாற்றைக் காக்கும் கந்தக உப்பு) தூவுங்கள். அதன் எடையில் 57% சல்ஃபர் டை ஆக்சைடு. டன்னுக்கு 50 கிராம் போட்டால் சாற்றில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரும். பிறகு 0.2 பார் அழுத்தத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக 0.8 பார் வரை, இரண்டரை மணி நேரத்தில். நடுவில் பொறியைச் சுழற்றி உதிர்ப்பதை முடிந்தவரை குறையுங்கள். ஒவ்வொரு சுழற்சியும் தோலைத் தேய்த்துச் சகதியைக் கூட்டுகிறது.

டன்னுக்கு முதல் 500–550 லிட்டர்தான் தலைச்சாறு. அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாக்கில் வைத்துப் பாருங்கள். பிஎச் மீட்டரையும் பாருங்கள். புளிப்பு தளர்ந்து, ஈறு இறுகி, பிஎச் 0.15–0.2 ஏறிய இடத்தில் குழாயை மாற்றி, மிச்சத்தைத் தனித் தொட்டியில் விடுங்கள். ‘நாலு லிட்டர் கூட வரட்டுமே’ என்று கலந்தால் அந்தக் கசப்பைப் பிறகு தெளிய வைக்கும் எந்தப் பொருளாலும் நயமாக எடுக்க முடியாது. தனியாக வைத்த அழுத்தச் சாறு பீப்பாய் ஒயினுக்கு உதவும்.

சாறு பழுப்பாக ஓடினால் பதற வேண்டாம். நொதிக்கு முன் காற்றுப் பட்டு நிறம் மாறிய பொருள் மண்டியோடு அடியில் போய்விடும். நொதித்து முடிந்த பிறகு காற்றுப் பட்டால்தான் ஆபத்து.

தெளிய வைத்து நொதிக்க விடுதல்

சாற்றைக் கொழகொழப்பாக்கும் பெக்டினைச் சிதைக்கும் என்சைம் 100 லிட்டருக்கு 2 கிராம் கலந்து, 10–12 டிகிரியில் 24 மணி நேரம் விடுங்கள். மேலே தெளிந்த சாற்றை இறக்கும்போது கலங்கல் 80–150 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 50க்குக் கீழே போனால் ஈஸ்ட்டுக்குப் பிடிமானமும் உணவும் இருக்காது. 250க்கு மேல் போனால் நாற்றம் வரும். மீட்டர் இல்லாதவர்கள் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்க்கலாம். பின்னால் வைத்த விரல் மங்கலாகத் தெரிந்தால் சரி.

இதற்கு முன் செய்தே ஆக வேண்டிய ஒரு சோதனை: ஈஸ்ட் உண்ணக்கூடிய நைட்ரஜன். இந்த மண்ணில் அது லிட்டருக்கு 100–120 மில்லிகிராம் என்று வந்தால் வியப்பில்லை. 230 கிராம் சர்க்கரையை முடிக்க 200 அளவுக்கு வேண்டும். 100 லிட்டருக்கு 1 கிராம் டைஅமோனியம் பாஸ்பேட், லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் நைட்ரஜன் தரும். ஆக, 620 லிட்டர் சாற்றில் 186 கிராம் போட்டால் 63 மில்லிகிராம் கூடும். மிச்சத்தை ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கரிம ஊட்டத்தால் நிரப்புங்கள்: 100 லிட்டருக்கு 40 கிராம். முதல் பாதியை நொதி தொடங்கிய மறுநாளும், மறுபாதியைச் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தபோதும் கொடுங்கள். பாதி தாண்டிய பிறகு கொடுத்தால் ஆல்கஹால் தடுப்பதால் ஈஸ்ட் அதைத் தொடாது, கிருமிக்குத்தான் விருந்து.

ஈஸ்ட் 100 லிட்டருக்கு 25 கிராம். பத்து மடங்கு எடைத் தண்ணீரில், 37 டிகிரியில், 20 நிமிடம் ஊறட்டும். பிறகு தொட்டிச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வெப்ப வேறுபாடு 10 டிகிரிக்குள் வந்ததும் ஊற்றுங்கள். சூட்டோடு 12 டிகிரிச் சாற்றில் கொட்டினால் பாதி ஈஸ்ட் அங்கேயே செத்துவிடும்.

230 கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் வெளிவரும் சூடு, குளிரூட்டாத தொட்டியை ஏறத்தாழ 30 டிகிரி உயர்த்தப் போதுமானது. ஆகவே குளிரூட்டி அலங்காரம் அல்ல. 15–17 டிகிரியில் வைத்து, அடர்த்தியைக் காலை, மாலை குறியுங்கள். 1.096இல் தொடங்கும் சாறு நாளுக்கு 5–8 புள்ளி (ஒரு புள்ளி 0.001) இறங்கினால் நடை சரி. 1.020க்கு வந்ததும் 18–19 டிகிரிக்கு உயர்த்திவிடுங்கள். குளிரிலேயே முடிக்கப் பார்ப்பதுதான் பாதியில் நிற்பதற்கு முதல் காரணம். இரண்டு மூன்று வாரத்தில் 0.992க்கு இறங்கி, சர்க்கரை 2 கிராமுக்குக் கீழே நிற்க வேண்டும்.

1.005இல் நின்றுவிட்டால் புது ஈஸ்ட்டை நேராகக் கொட்டாதீர்கள். ஆல்கஹால் பட்டவுடன் விழுந்துவிடும். முதலில் 100 லிட்டருக்கு 30 கிராம் ஈஸ்ட் ஓடு (செத்த ஈஸ்ட்டின் செல்சுவர்) கலந்து இரண்டு நாள் விட்டு, தெளிந்ததை வேறு தொட்டிக்கு இறக்குங்கள். ஆல்கஹால் தாங்கும் ஈஸ்ட்டை 100 லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் ஊற வைத்து, சர்க்கரை கலந்த தண்ணீரும் நின்ற ஒயினும் சமமாகச் சேர்த்த கலவையில் 20 டிகிரியில் விடுங்கள். அதன் சர்க்கரை பாதி இறங்கியதும் அதே அளவு ஒயின் சேருங்கள். மறுபடி இறங்கியதும் மறுபடி அதே அளவு. இப்படி மூன்று நான்கு முறை இரட்டித்த பிறகே தொட்டியில் சேர்க்கலாம். நான்கு நாள் பிடிக்கும். குறுக்கு வழி இல்லை.

நொதியின்போது முட்டை நாற்றம் வந்தால், பாதிக்கு முன் என்றால் ஊட்டமும் ஒருமுறை காற்றோட்டமாக இறக்கி ஏற்றுவதும் போதும். முடிந்த பிறகு வந்தால் கனமான மண்டியிலிருந்து உடனே பிரியுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் காப்பர் சல்ஃபேட். 100 லிட்டருக்கு 0.1 கிராமில் தொடங்கிக் குவளையில் சோதித்த பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். ஐரோப்பிய உச்சவரம்பு 100 லிட்டருக்கு 1 கிராம். ஒயினில் மிஞ்சும் தாமிரம் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

மண்டியில் ஊறல்

நொதி முடிந்த மூன்றாம் நாள் கனமண்டியைக் கழித்து, லிட்டருக்கு 50 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு சேர்த்து, மென்மண்டியோடு நான்கு முதல் ஆறு மாதம் விடுங்கள். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை கலக்கினால் போதும். கூர்மையான புளிப்புக்கு ஒரு சதைப்பற்று இதில்தான் வருகிறது. பீப்பாயின் வேலையைச் செலவில்லாமல் மண்டியே செய்துவிடும். தொட்டி எப்போதும் கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரே அளவுத் தொட்டி வாங்காமல் 2,000, 1,000, 500 லிட்டர் என்று கலந்து வாங்கச் சொல்கிறோம்.

இந்தப் பிஎச்சில் மாலோலாக்டிக் நொதி (கூர்மையான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுவது) தானாகத் தொடங்குவது அரிது. வேண்டவும் வேண்டாம். குறைந்த பிஎச்சின் இன்னொரு கொடை: பிஎச் 3.0இல் கட்டற்ற (ஒயினில் எதோடும் பிணையாத) சல்ஃபர் டை ஆக்சைடில் 6% செயல்படும் வடிவில் இருக்கும், 3.4இல் 2.5% மட்டும்தான். கிருமிக்கு எதிராக 0.8 மில்லிகிராம் செயல்பட இங்கே 13 மில்லிகிராம் போதும், அங்கே 32 வேண்டும். ஆனாலும் 25–30 வைத்திருங்கள். கிருமிக்காக அல்ல, காற்றுக்காக.

பீப்பாய் வேண்டுமென்றால் ‘நிக்தேரி’ என்ற ஒயின் வகைக்கு வையுங்கள். ‘நிக்தா’ என்றால் இரவு. பறித்த பழத்தை அன்றிரவே மிதித்துப் பிழிந்த வழக்கத்தில் வந்த பெயர். இன்னும் கொஞ்சம் பழுத்த பழத்தில் செய்வது. சட்டப்படி ஆல்கஹால் குறைந்தது 13.5%, பீப்பாயில் குறைந்தது மூன்று மாதம். பழைய 500 லிட்டர் பீப்பாயே பொருந்தும்.

நிலைப்படுத்தி அடைத்தல்

வெப்பச் சோதனை: வடிகட்டிய ஒயினை 80 டிகிரியில் 2 மணி நேரம் வைத்துக் குளிரவிட்டுக் கலங்கலை அளக்க வேண்டும். 2 என்டியுவுக்கு மேல் கூடினால் புரதம் இருக்கிறது. பென்டோனைட் என்ற களிமண் தூளை 100 லிட்டருக்கு 40, 60, 80 கிராம் என்று குவளையில் சோதித்து, பலன் தரும் குறைந்த அளவை மட்டும் போடுங்கள். கூடுதலாகப் போட்டால் மணமும் சேர்ந்து போகும்.

குளிர்ச் சோதனை: மைனஸ் 4 டிகிரியில் மூன்று நாள். படிகம் விழுந்தால் தொட்டியை அதே குளிரில் லிட்டருக்கு 4 கிராம் டார்டார் தூளோடு கலக்கி ஒரு வாரம் வைத்து, குளிர் குறையாமலே வடிகட்ட வேண்டும். சூடேறிய பிறகு வடிகட்டினால் படிந்தது மறுபடி கரைந்துவிடும்.

அடைக்கும்போது புட்டி, குழாய் எல்லாவற்றிலும் நைட்ரஜன் ஓட்டுங்கள். முதல் 30 புட்டியிலும் கடைசி 30 புட்டியிலும்தான் காற்று அதிகம் ஏறும். அவற்றைத் தனியாக வைத்து வீட்டில் குடித்துவிடுவது உத்தமம். ஐரோப்பிய விதிப்படி உலர் (இனிப்பில்லாத) வெள்ளை ஒயினில் மொத்த சல்ஃபர் டை ஆக்சைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இங்கே சொன்ன அளவுகளில் 120ஐத் தாண்டாது. சாந்தோரினி என்ற பெயர் 1971இலிருந்து சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது; வெளித்தீவுப் பழத்தைக் கலந்து அந்தப் பெயரைப் போட முடியாது. அதீரி, ஐதானி என்ற உள்ளூர்த் திராட்சைகளைச் சிறுபங்காகச் சேர்க்கலாம்.

அடைத்து இரண்டு மாதம் விற்காதீர்கள். புதிதில் அசிர்த்திகோ வாயை மூடிக்கொள்ளும்.

கையில் மிச்சப் பழம் இருந்தால்: வின்சாந்தோ

வெயிலில் உலர்த்திய பழத்தில் எடுக்கும் இனிப்பு ஒயின்தான் வின்சாந்தோ. அதற்கு 500 கிலோ போதும். நன்றாகப் பழுத்த, ஒரு மணிகூட உடையாத குலைகளை வெயிலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். 10 முதல் 14 நாள். நான்காம் நாளும் எட்டாம் நாளும் திருப்பிப் போடுங்கள். அழுகிய மணியைக் கிள்ளுவது அன்றாட வேலை. மழை வந்தால் உடனே மூட ஆள் வேண்டும். எடை பாதிக்கும் கீழே, 220 கிலோவுக்கு இறங்கும். சர்க்கரை லிட்டருக்கு 370 கிராம் தாண்டும்.

இதற்குக் காற்றுப்பைப் பொறி உதவாது. பழைய கூடைப் பிழிபொறிதான். மெல்ல, இரண்டு நாள் பிழிந்தாலும் 80–90 லிட்டர்தான் கிடைக்கும். பாகுபோல் இருக்கும் அந்தச் சாற்றில் ஈஸ்ட் திணறும். திணறும்போது அசிட்டிக் அமிலம் கக்கும். அதைக் குறைக்க ஈஸ்ட் அளவை 100 லிட்டருக்கு 40 கிராமாக உயர்த்தி, நீர்த்த சாற்றில் இரண்டு நாள் பழக்கிய பிறகு சேருங்கள். 18–22 டிகிரியில் வாரக்கணக்காக முனகிக்கொண்டே நொதிக்கும். சர்க்கரை பாதிக்கு மேல் மிஞ்சிய நிலையில், 9 முதல் 12% ஆல்கஹாலுக்குள் தானாக நிற்கும். நின்றதும் மண்டியைப் பிரித்துப் பழைய சிறு பீப்பாய்க்கு மாற்றுங்கள்.

சட்டம் கேட்பது குறைந்தது 51% அசிர்த்திகோ, ஓக் பீப்பாயில் 24 மாதம். மற்ற ஒயினுக்குச் சொன்ன ‘கழுத்துவரை நிரப்பு’ என்ற விதி இதற்கு இல்லை. பீப்பாயில் கொஞ்சம் காற்று இருந்தால்தான் அத்திப்பழமும் காப்பியும் கலந்த மணமும் செம்பழுப்பு நிறமும் வரும். ஆஸ்பாவைக் குடைந்து செய்த ‘கானவா’ என்ற குகையறை இருந்தால் பீப்பாயை அங்கே வைப்பதே சிறப்பு. ஆண்டு முழுக்க வெப்பம் அதிகம் ஆடாது. ஆவியாகிப் போவதையும் கழித்தால் இரண்டாண்டு முடிவில் 65–70 லிட்டர் மிஞ்சும். அரை லிட்டர்ப் புட்டியில் அடைத்தால் 130 தேறும்.